தேடினால் கிடைக்கும் என்றால் கோப்புக்குப் பெயர் எதற்கு?

கேள்வி, பிப்ரவரி 4

எண்களை அல்லாமல் ஆட்களின் பேச்சை ஆராயும் பண்புசார் ஆய்வு ஒன்றில் 38 நேர்காணல்கள் முடித்திருக்கிறேன். ஒலிப்பதிவு, அதைக் கேட்டுத் தட்டச்சு செய்த எழுத்தாக்கம், களக்குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. பெயரிடும் முறை ஒன்றை முடிவு செய்து, எல்லாவற்றையும் அதன்படி மாற்றச் சொல்கிறார் வழிகாட்டி. கணினியில் தேடல் இருக்கிறதே, இது வேண்டாத வேலை என்பது என் கட்சி. தேடினால் கிடைக்காதா?

பிப்ரவரி 4, மாலை

கிடைக்காது. ஒலிப்பதிவுக்குள் தேடல் நுழையாது. கையால் எழுதிய களக்குறிப்பை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அதற்குள்ளும் நுழையாது. எழுத்தாக்கத்தில் தேடலாம்தான், ஆனால் எந்தச் சொல்லை? "அம்மா" என்று தேடினால் 38 பேரிடமும் வரும். ஆளின் பெயரைத் தேடலாம் என்றால், எழுத்தாக்கத்தில் முதலில் நீக்குவதே அந்தப் பெயரைத்தானே. தேடல் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் தேடுவதற்கு மாறாத ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லைக் கோப்பின் பெயரில் வைப்பது நம் வேலை.

பிப்ரவரி 5

நேற்று அவசரமாக எழுதினேன். என் முறையைச் சொல்கிறேன். செவிலியர்களின் இரவுப்பணி பற்றிய ஆய்வில் இரண்டு வருடம் பயன்படுத்தி, இடையில் இரண்டு முறை மாற்றி, இப்போது நிலைத்திருக்கும் முறை.

ப07_நே1_2023-03-14_ஒலி
ப07_நே1_2023-03-14_எழு
ப07_நே2_2023-06-02_ஒலி

ப என்றால் பங்கேற்பாளர். நே1 முதல் நேர்காணல், நே2 இரண்டாவது. பிறகு தேதி, கடைசியில் வகை. அவ்வளவுதான்.

7 என்று எழுதாமல் 07 என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பூஜ்யம் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் ப1, ப10, ப11, ப2 என்று அடுக்கும். விண்டோஸின் ஃபோல்டர் சாளரம் எண்ணைப் புரிந்துகொண்டு சரியாக வரிசைப்படுத்தும். அதைப் பார்த்து நம்பி, அதே கோப்புகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும்போதுதான் வரிசை குலையும். நூறு பேரைத் தாண்டும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் 007 என்றே தொடங்குங்கள்.

தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்க வேண்டும். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் வரிசை இது. பெயர்ப்படி அடுக்கினாலே காலப்படியும் அடுக்கியதாகிவிடும். 14-03-2023 என்று எழுதினால் எல்லா மாதங்களின் 14ஆம் தேதிகளும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற சண்டையும் இல்லை.

பிப்ரவரி 5, இரவு

விட்டுப்போனது: கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி, சாய்கோடு இவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்காது. நேரத்தை 10:30 என்று பெயரில் எழுத முடியாமல் போவது இதனால்தான். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் முழுப் பாதைக்கும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய எல்லை உண்டு. 2016 முதல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் அதைத் தளர்த்த முடியும். ஆனாலும் பழைய எல்லைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்கள் நிறைய. பெயர் நீண்டால் கோப்பு திறக்காது, சில சமயம் பேக்கப்பில் ஏறாது.

பிப்ரவரி 9

"பெயரிலேயே ஆண், பெண், வயது, பதவி எல்லாம் போட்டுவிட்டால் பார்த்தவுடன் தெரியுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் முதலில் அப்படித்தான் வைத்தேன். ப07_பெண்_52_தலைமைச்செவிலியர். பார்க்க எவ்வளவு வசதி!

ஒரு நாள் உதவியாளருக்குத் திரையில் ஃபோல்டரைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். அறைக்கு வேறு வேலையாக வந்த ஒருவர் திரையைப் பார்த்தார். ஒரு கோப்பையும் திறக்கவில்லை, பெயர்களை மட்டும்தான் பார்த்தார். அந்த மருத்துவமனையில் 52 வயதுத் தலைமைச் செவிலியர் ஒருவர்தான். "ஓ, இவங்களும் பேசினாங்களா" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இரவு பதினொரு மணிக்குப் பணி முடித்து, யாருக்கும் தெரியாமல் வந்து பேசிவிட்டுப் போனவர் அவர். அவருடைய எழுத்தாக்கத்தில் ஊர், உறவு, வார்டு எண் எல்லாவற்றையும் வரி வரியாக மறைத்திருந்தேன். வெளியே பெயரில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். அன்றிரவே 60 கோப்புகளின் பெயரையும் மாற்றினேன்.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட விதி: பெயரில் மாறாததும் ஆளைக் காட்டாததும் மட்டுமே இருக்கலாம். வயது மாறும், பதவி மாறும், இரண்டும் ஆளைக் காட்டும். அவை அட்டவணைக்குப் போக வேண்டும். அட்டவணை என்றால் ஒரு எக்ஸெல் தாள்: ப எண், வயது வரம்பு, பணி அனுபவம், நேர்காணல் நாட்கள், ஒப்புதல் படிவம் வந்ததா, எழுத்தாக்கம் எந்த நிலையில் இருக்கிறது.

ப எண்ணையும் உண்மைப் பெயரையும் இணைக்கும் சாவிப் பட்டியல் இதிலிருந்து வேறு. அது கடவுச்சொல் போட்டு, வேறு இடத்தில், ஆய்வுக் கோப்புகளோடு சேராமல் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டு "புனைபெயர் கொடுத்துவிட்டோம்" என்று சொல்வதில் பொருளில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், புனைபெயரிட்ட தரவைத் தனிநபர் தரவு என்றே கருதுகிறது. சாவி எங்கோ இருக்கும்வரை ஆளைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது அல்லவா.

பிப்ரவரி 10

நேற்றையதில் ஒரு ஓட்டை. ப எண்ணை வரிசைப்படி கொடுத்தால், ப01 யார் என்பது முதலில் பேசியவர் யார் என்று அறிந்த எல்லோருக்கும் தெரியும். ஒரு குழுவுக்குள், ஒரு வார்டுக்குள் இது ரகசியமே இல்லை. எண்களைக் கலைத்துக் கொடுங்கள். முதலில் வந்தவருக்கு 23, அடுத்தவருக்கு 08.

தேதியையும் யோசித்தேன். மார்ச் 14 இரவு யார் பணியில் இருந்தார் என்பது பணிப் பட்டியலில் இருக்கும். அதனால் நான் 5ஆம் தேதி சொன்னதைத் திருத்துகிறேன்: மூல ஒலிப்பதிவின் பெயரில் தேதி இருக்கட்டும், அது என்னைத் தாண்டிப் போகாது. அடையாளம் நீக்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் எழுத்தாக்கத்தின் பெயரில் தேதி வேண்டாம். ப07_நே1_எழு_நீக்கியது. தேதி தேவைப்பட்டால் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

கணினி காட்டும் "உருவாக்கிய தேதி" போதாதா என்று கேட்டவருக்கு: விண்டோஸில் ஒரு கோப்பை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்தால் உருவாக்கிய தேதி பிரதி எடுத்த நாளாகிவிடும். திருத்திய தேதி மட்டும் பழையதாகவே இருக்கும். திருத்திய பிறகு உருவான கோப்பு என்று காட்டும்! ஒலிப்பதிவுக் கருவியை இன்னும் குறைவாக நம்புங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்ததில் என் கருவியின் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எடுத்த நான்கு நேர்காணல்களும் ஜனவரி 1ஆம் தேதி அதிகாலையில் நடந்ததாகப் பதிவாகியிருந்தன.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பதிவு பொத்தானை அழுத்தியதும், எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, ப எண்ணையும் தேதியையும் வாயால் சொல்லிவிடுகிறேன். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரலில் இருக்கும்.

பிப்ரவரி 16

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா? மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதில் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"கோப்பு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கோ எழுத்தை, கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக்குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. ககரத்துக்குப் பின் இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுதான், கண்ணால் வேறுபடுத்தவே முடியாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தக் கதை உண்டு. பொது விதிப்படி இரண்டும் சமம் என்றாலும், எல்லா மென்பொருளும் அந்தச் சமத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. 2017இல் வந்த புதிய முறை அப்படிப் பிரிப்பதில்லை.

எனக்கு நடந்தது: அட்டவணையை ஒரு கணினியில் தட்டச்சு செய்தேன், கோப்புகள் பழைய மேக் ஒன்றிலிருந்து வந்தன. இரண்டையும் பொருத்தியபோது 38இல் 29 பொருந்தின, 9 பொருந்தவில்லை. முழு மாலை அந்த ஒன்பதையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப்பிழை இல்லை, இடைவெளி இல்லை. ஒன்பதிலும் பொதுவாக இருந்தது "தொ" என்ற எழுத்து. "தொடர் நேர்காணல்" என்று பெயர் வைத்திருந்தேன்.

அப்புறம் நீளம். யூனிகோடு குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். "நேர்காணல்" கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது ஒன்பது குறிகள், 27 பைட். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை என்பதால் 85 குறிகளோடு பெயர் நின்றுவிடும். நீண்ட தலைப்பு வைக்கிறவர்களுக்கு இது குறைவு.

பிப்ரவரி 17

"அப்படியென்றால் தமிழே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. கணினிகளுக்கும் மென்பொருள்களுக்கும் இடையே பயணம் செய்யும் கோப்புக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைக்கிறேன். மேலே காட்டிய ப, நே எல்லாம் இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதியவை. ஃபோல்டர் பெயர்கள் தமிழில்தான் இருக்கின்றன. களக்குறிப்பைத் தமிழில் எழுதும் உதவியாளர்கள் தமிழ்ப் பெயரைப் பார்த்துச் சரியான ஃபோல்டரில் போடுகிறார்கள். ஆங்கிலச் சுருக்கம் வைத்திருந்தபோது ஆளுக்கொரு இடத்தில் போட்டார்கள். ஃபோல்டரை மென்பொருளோடு பொருத்த வேண்டியதில்லை, அதனால் அங்கே ஆபத்து குறைவு.

மார்ச் 2

பதிப்பு பற்றி. எழுத்தாக்கம் மூன்று கட்டம் கடக்கிறது: முதல் தட்டச்சு, ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தியது, அடையாளம் நீக்கியது. "இறுதி" என்று எதற்கும் பெயர் வைக்காதீர்கள். வைத்த அடுத்த வாரம் ஒரு திருத்தம் வரும். கட்டத்தின் பெயரை எழுதுங்கள், அதற்குள் எண் கொடுங்கள்: திருத்தியது_02.

பண்புசார் ஆய்வுக்கான மென்பொருளுக்குள் ஏற்றிய பிறகு கதை வேறு. என்விவோ, மேக்ஸ்க்யூடிஏ, அட்லஸ்.டிஐ எதுவானாலும், நாம் குறியிடும்போது, அதாவது ஒரு வாசகம் எதைப் பற்றியது என்று பெயர் கொடுக்கும்போது, அந்தக் குறியீடு வாசகத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெளியே வேர்டில் எழுத்தாக்கத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினால் அது புதுக் கோப்பு, ஒரு குறியீடும் இல்லாத வெற்றுக் கோப்பு. மூன்று நேர்காணல்களின் குறியீடு எனக்கு இப்படிப் போனது. ஏற்றிய நாளோடு வெளியே இருக்கும் பிரதியைப் பூட்டிவிடுங்கள். பிழை தெரிந்தால் மென்பொருளுக்குள்ளேயே திருத்துங்கள்.

பெயரை ஏற்றுவதற்கு முன்பே சரி செய்துகொள்வதும் முக்கியம். வயது, அனுபவம் போன்ற விவரங்களை அட்டவணையிலிருந்து மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது, அது எந்த விவரம் யாருடையது என்று பெயரை வைத்துத்தான் பொருத்துகிறது. அட்டவணையில் ப07, கோப்பில் ப7 என்று இருந்தால் அந்த ஆளுக்கு வயதே இருக்காது.

மார்ச் 3

மெமோக்களுக்கு இந்த விதியெல்லாம் பொருந்துமா என்று கேட்கிறீர்கள். முழுக்கப் பொருந்தாது, எனக்குப் பிடித்த பகுதி இது. எழுத்தாக்கம் ஒருவருடைய பேச்சு. மெமோ என் யோசனை. "மெமோ_17" என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து அதைத் திறக்கவே மாட்டேன். தேதிக்குப் பின் அந்த யோசனையையே எழுதுகிறேன்: 2023-07-19_இரவுப்பணியில் மௌனம் யாருக்காக. முறைப்படி பார்த்தால் இடைவெளி தவறு, மௌனத்தில் ஔகாரமும் இருக்கிறது. இருக்கட்டும், இவை என் கணினியை விட்டு எங்கும் போவதில்லை.

தேதிப்படி அடுக்கி, தலைப்புகளை மேலிருந்து கீழே படித்தால் என் எண்ணம் எங்கே திரும்பியது என்று தெரிகிறது. முதல் மூன்று மாதம் எல்லாத் தலைப்பிலும் "சோர்வு". பிறகு ஒரு நாள் "பொறுப்பு" வருகிறது, அதன்பின் சோர்வு ஏறக்குறைய காணாமல் போகிறது. ஆய்வுமுறை அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் 1985இல் ஆய்வின் நம்பகத்தைப் பற்றி எழுதியபோது, முடிவுக்கு வந்த வழியை வெளியாள் ஒருவர் சரிபார்க்க ஏதுவாகத் தடத்தை விட்டுவைக்கச் சொன்னார்கள். என்னிடம் இருக்கும் அந்தத் தடத்தில் பாதி இந்தத் தலைப்புகள்தான்.

மார்ச் 20

ஃபோல்டரை ஆள்வாரியாகப் பிரிப்பதா, வகைவாரியாகப் பிரிப்பதா? முதலில் ஆள்வாரியாக வைத்தேன். ப07 என்று ஒரு ஃபோல்டர், அவருடைய எல்லாமும் அதற்குள். குழு உரையாடல் வந்ததும் அது உடைந்தது. ஆறு பேர் பேசிய ஒலிப்பதிவை யாருடைய ஃபோல்டரில் போடுவது? இப்போது வகைவாரி: மூல ஒலி, எழுத்தாக்கம், அடையாளம் நீக்கியவை, களக்குறிப்பு, மெமோ, ஒப்புதல் படிவம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் பெயரும் இருப்பதால் அது சாவிப் பட்டியலோடு போய்விடும், மற்றவற்றோடு சேராது.

இரண்டு அடுக்குக்கு மேல் ஆழம் வேண்டாம். மூல ஒலி ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைக்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற பேக்கப் வழக்கத்தையும் முதலில் இந்த ஃபோல்டருக்குத்தான் செய்கிறேன். எழுத்தாக்கம் அழிந்தால் மறுபடி எழுதலாம்.

ஏப்ரல் 11

இதை எழுதத் தயங்கினேன். போன வாரம் பங்கேற்பாளர் ஒருவர் அழைத்து, தன் பேச்சை ஆய்விலிருந்து முழுதும் எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. எந்தக் கேள்வியும் இல்லாமல் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அவருடைய ப எண்ணைத் தேடலில் போட்டேன். 11 கோப்புகள் வந்தன: ஒலி இரண்டு, எழுத்தாக்கம் நான்கு, களக்குறிப்பு மூன்று, புகைப்படம் இரண்டு. பத்து நிமிடத்தில் எல்லா ஃபோல்டரிலும் எடுத்துவிட்டேன். பிப்ரவரி 4ஆம் தேதிக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. தேடினால் கிடைத்தது, தேடுவதற்கு ஒரு எண்ணைப் பெயரில் வைத்திருந்ததால்.

ஆனால் பதினொன்றோடு முடியவில்லை. அவர் தன் பணி அறையைக் காட்டியபோது நான் எடுத்த மூன்றாவது புகைப்படம் கேமரா கொடுத்த எண்ணோடு அப்படியே கிடந்தது. ஸ்கேன் செய்த களக்குறிப்பில் ஒரே பக்கத்தின் மேற்பாதி அவர், கீழ்ப்பாதி வேறொருவர். பெயரில் கீழ்ப்பாதிக்காரரின் எண் மட்டும். குழு உரையாடலில் அவர் குரல் நாற்பது நிமிடம் மற்றவர்களோடு பின்னிக் கிடக்கிறது. பேக்கப் வட்டில் இன்னொரு தொகுதி. எல்லாவற்றையும் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

இனி களக்குறிப்பில் ஒருவருக்கு ஒரு பக்கம்தான், பாதி காலியாக இருந்தாலும் சரி. குழு உரையாடல் கோப்பின் பெயரில் குழு எண் மட்டும் இருக்கும். யார் யார் அதில் இருந்தார்கள், யார் எந்த நிமிடத்தில் பேசினார்கள் என்பது அட்டவணையில் இருக்கும்.

ஏப்ரல் 12

அந்த இரண்டு நாளில் கண்ணில் பட்டவை, யாருக்காவது உதவும். உதவியாளர் கைபேசியில் எடுத்த பதிவு ஒன்றுக்கு, அந்தச் செயலி தானாகவே தெருவின் பெயரை வைத்திருந்தது. பேசியவரின் வீட்டுத் தெரு. இடத்தை வைத்துப் பெயரிடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் தட்டச்சு செய்தவரின் பெயரும், சிலவற்றில் பழைய தலைப்பும் இருந்தன. அந்தப் பழைய தலைப்பில் பங்கேற்பாளரின் உண்மைப் பெயர். வெளியே பெயரை மாற்றினால் உள்ளே மாறாது. மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதி இயங்கிக்கொண்டிருந்த ஒரு எழுத்தாக்கத்தில், நான் "நீக்கிய" பெயர்கள் எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தன.

மே 6

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 38 நேர்காணல்களின் கோப்புகளுக்கும் பெயர் மாற்றி முடித்துவிட்டார். மாற்றும்போது பார்த்தால் அவை 37தானாம், ஒரே பதிவு இரண்டு பெயரில் இருந்திருக்கிறது. மேற்கோள் கொடுக்கும்போது வரி எண்ணைச் சொல்வதா என்று கேட்கிறார். வேண்டாம், அடையாளம் நீக்கும்போது வரி எண் நகர்ந்துவிடும். ஒலிப்பதிவின் நேரத்தைக் கொடுங்கள்: ப07, நே1, 00-41-20. நேரம் எந்தப் பதிப்பிலும் நகராது. நீண்ட பதிவுகளைச் சில கருவிகள் இரண்டு துண்டாக வெட்டிச் சேமிக்கும். அப்படியானால் துண்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் 41ஆம் நிமிடம் இரண்டு இடத்தில் இருக்கும்.